கார் பேசுது, நமக்குத்தான் பாஷை தெரியலை

‘அன்ஏபிள் டு கனெக்ட்.’ புக்கெகோஹியில் செகண்ட் ஹேண்ட் ஜப்பான் கார் வச்சிருக்கற நம்மாளுங்க எல்லாரும் ஒரு தடவையாவது போனில் பார்த்திருக்கும் வாசகம் இது. டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். ஆன்லைனில் மலிவா வாங்கின ப்ளூடூத் அடாப்டரை ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற சாக்கெட்டில் சொருகுவோம். அடாப்டரில் விளக்கு ஜம்முன்னு எரியும். போனில் இருக்கற ஆப் மட்டும் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு கையை விரிச்சுடும். உடனே கூட இருக்கறவங்க தீர்ப்பு சொல்லிடுவாங்க: ஒண்ணு அடாப்டர் டூப்ளிகேட், இல்லேன்னா கார் கம்ப்யூட்டர் காலி.

ரெண்டுமே தப்பா இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்த ஊர்ல அந்த வாசகத்துக்குப் பின்னாடி ஒரு எழுபது வருஷக் கதை இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம், ஜப்பானோட வாகனப் பரிசோதனை, நியூஸிலாந்து இழுத்து மூடின கார் தொழிற்சாலைகள், கனடாவில் ஒரு சின்ன சிப் கம்பெனி, இதெல்லாம் அதுல வருது. தீஸிஸ் எழுத வேண்டிய நேரத்தில் இதைத் தோண்டிக்கிட்டு இருந்தேன்னு என் கைடுகிட்ட யாரும் போட்டுக் கொடுக்காதீங்க :-)

முதல்ல ஊரைப் பத்தி ரெண்டு வரி. புக்கெகோஹி ஆக்லாந்தின் தெற்குக் கோடி. சிவப்பான எரிமலை மண்ணு, கண்ணுக்கெட்டின தூரம் வெங்காயமும் உருளைக்கிழங்கும். 1963ல் திறந்த ஒரு ரேஸ் ட்ராக் இருந்தது, 2023 ஏப்ரலோட கார் பந்தயத்துக்கு மூடிட்டாங்க. ரயில் உண்டு, ஆனா பாப்பகுராவுக்கும் இங்கேயும் இடையில மின்மயமாக்கும் வேலைக்காக 2022 ஆகஸ்டிலிருந்து 2025 பிப்ரவரி வரைக்கும் ரயில் ஓடலை, பஸ் மட்டும்தான். விடியக்காலைல பேக் ஹவுஸ் ஷிப்டுக்குப் போற மாணவனுக்குக் கார் இல்லைன்னா வேலை இல்லை, வேலை இல்லைன்னா வாடகை இல்லை. அதனால அந்த மஞ்சள் விளக்கு எரிஞ்சா வயித்துக்குள்ள ஒரு பயம் வருமே, அது நியாயமான பயம்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

1940களில் லாஸ் ஏஞ்சலஸ் மேல ஒரு புகைமூட்டம் வந்து உட்கார்ந்தது. கண் எரியும், மலை தெரியாது, செடி கருகும். தொழிற்சாலைதான் காரணம்னு எல்லாரும் நினைச்சாங்க. கால்டெக்கில் ஆரி ஹாகன்-ஸ்மிட்னு ஒரு வேதியியல் பேராசிரியர். அதுவரைக்கும் அன்னாசிப்பழத்தோட மணம் எதனால வருதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தவர். அவர்தான் 1950களின் தொடக்கத்தில் காட்டினார்: கார் புகையில் வர்ற எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயில்ல வினைபுரிஞ்சுதான் இந்த மூட்டம் உண்டாகுது. கார் கம்பெனிகளுக்கு அது பிடிக்கலைன்னு தனியா சொல்லணுமா? பின்னாடி கலிஃபோர்னியா தனக்குன்னு ஒரு காற்று வள வாரியத்தை அமைச்சப்போ அதுக்கு முதல் தலைவரும் அவரேதான்.

அமெரிக்காவில் 1975 மாடல்களில் இருந்து சைலன்சர் வழியில கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. புகையைச் சுத்தம் பண்ற இந்தச் சாதனத்தோட அடுத்த தலைமுறை ஒரு முரட்டுப் பிடிவாதக்காரன். பெட்ரோல் ஒரு பங்குன்னா காத்து 14.7 பங்கு இருக்கணும், இல்லைன்னா வேலை செய்ய மாட்டேங்கும். கார்புரேட்டரால அந்தக் கணக்கைப் பிடிக்க முடியாது. புகையில் மிச்சம் இருக்கற ஆக்சிஜனை அளக்க ஒரு சென்சார், அதைப் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர்னு வந்துடுச்சு. 1981ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் வித்த பெட்ரோல் கார்கள் எல்லாத்திலும் கம்ப்யூட்டர் ஏறியாச்சு. அந்தக் கம்ப்யூட்டரோட பேசறதுக்கு வச்ச சாக்கெட்டோட பேர் ‘அசெம்ப்ளி லைன் டயக்னாஸ்டிக் லிங்க்’. பேரைக் கவனிங்க. தொழிற்சாலையில கார் வெளிய வர்றப்போ சோதிக்க வச்ச வாசல் அது. மெக்கானிக்குக் கிடைச்சது கொசுறு.

ஸ்கேனர் எதுவும் இல்லாமலேயும் காரைப் பேச வைக்கலாம். பழைய டொயோட்டா கார்களில் பானெட்டுக்குள்ள ஒரு குட்டிப் பெட்டி இருக்கும். அதுல டி.ஈ.1, ஈ.1னு எழுதின ரெண்டு முனையை ஒரு துண்டு வயரால இணைச்சு சாவியைத் திருப்பினா, செக் எஞ்சின் விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். ரெண்டு மினுக்கு, ஒரு இடைவெளி, ஒரு மினுக்குன்னா 21, அதாவது ஆக்சிஜன் சென்சார். தந்தி ஆபீஸ் மாதிரி உட்கார்ந்து எண்ண வேண்டியதுதான். அந்தக் காலத்து மென்பொருள் சிக்கல் மொத்தமும் எண்ணிக்கையைத் தவறவிடறது ஒண்ணுதான்!

கலிஃபோர்னியாவுக்கு வேற ஒரு கவலை. கேட்டலிடிக் கன்வர்ட்டர் செத்துப் போனாலும் கார் நல்லாவே ஓடும். ஓட்டறவனுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் செலவு பண்ண மாட்டான். அதனால காரே தன்னைப் பத்திக் கோள் சொல்லணும்னு சட்டம் போட்டாங்க. 1988 மாடல்ல இருந்து முதல் விதி. ஆனா ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு சாக்கெட், ஒவ்வொரு பாஷைன்னு வச்சதால அது பெருசா உதவலை. அப்புறம் வந்ததுதான் ஓ.பி.டி. ரெண்டு. 1994ல் தொடங்கி, 1996 மாடல்ல இருந்து அமெரிக்காவில் விக்கற எல்லாக் காருக்கும் கட்டாயம். ஒரே வடிவத்துல 16 முனை சாக்கெட், ஒரே மாதிரிக் குறியீடுகள். பி0420ன்னா எந்தக் கம்பெனிக் காரா இருந்தாலும் கேட்டலிஸ்ட் சரியா வேலை செய்யலைன்னு அர்த்தம். ஐரோப்பாவில் 2001ல் பெட்ரோல் கார்களுக்கு இதே மாதிரி ஒண்ணு வந்தது. நம்ம ஊர்ல பாரத் ஸ்டேஜ் நாலோட 2010 ஏப்ரல்ல முதல் கட்டம், 2013 ஏப்ரல்ல ரெண்டாம் கட்டம். அதுக்கு முன்னாடி புதுப்பேட்டையில நீளமான ஸ்க்ரூடிரைவரோட ஒரு முனையை எஞ்சின்லயும் இன்னொரு முனையைக் காதுலயும் வச்சு நோய் கண்டுபிடிக்கற மேஸ்திரிகள்தான் நமக்கு ஸ்கேனர்.

‘ஒரே பாஷை’ன்னு சொன்னேன் இல்லையா? அது முழு உண்மை இல்லை. சாக்கெட்டோட வடிவம்தான் ஒண்ணு. உள்ளே போர்டுக்கு ஒரு நெறிமுறை, ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒண்ணு, கிரைஸ்லருக்கும் ஐரோப்பிய, ஆசியக் கார்களுக்கும் வேற. மொத்தம் அஞ்சு. ஐந்தாவதா வந்த ‘கேன்’ 1980களில் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி உண்டாக்கினது. 2008 மாடல்ல இருந்து அமெரிக்காவில் எல்லாரும் அதையே பேசணும்னு ஆச்சு. இந்த அஞ்சு நெறிமுறையும் பயன்படுத்தற முனைகள் எல்லாம் ஒண்ணு இல்லை. ஆனா 16ஆம் முனையில் மட்டும் எப்பவும் பேட்டரி கரண்ட் இருக்கும். அடாப்டர்ல விளக்கு எரியறது அதனாலதான். விளக்கு எரியுதுன்னா கரண்ட் வருதுன்னு மட்டும்தான் அர்த்தம், பேச்சுவார்த்தை நடக்குதுன்னு இல்லை.

இப்ப நம்ம கதையோட முக்கியமான இடம். ஜப்பான்.

அமெரிக்காவுக்கு ஏற்றுமதி பண்ற கார்ல ஜப்பான் கம்பெனிகள் ஓ.பி.டி. ரெண்டு வச்சுத்தான் ஆகணும். உள்ளூர்ல விக்கற அதே மாடலுக்கு அந்தச் சட்டம் கிடையாது. தொழிற்சாலையில ரெண்டு விதமா சாக்கெட் செய்யறது செலவுன்னு அதே 16 முனை சாக்கெட்டைத்தான் உள்ளூர்க் கார்லயும் மாட்டினாங்க. உள்ளே ஓடினது பல நேரம் கம்பெனியோட சொந்த பாஷை. டீலர்கிட்ட இருக்கற கருவிக்கு மட்டும் புரியும். ஜப்பானுக்குன்னு ‘ஜே-ஓ.பி.டி.’ விதிகள் பின்னாடி வந்தன, 2008 வாக்குலதான் ரெண்டாம் கட்டம் வந்தது. அதனால 1996ல் இருந்து ஏறக்குறைய ஒரு தலைமுறை ஜப்பான் உள்ளூர்க் கார்கள், வெளியில பார்த்தா ஓ.பி.டி. ரெண்டு மாதிரியும் உள்ள வேற மாதிரியும் இருக்கும். சில மாடல் ஓரளவு பேசும், சில மாடல் வாயே திறக்காது.

இந்தக் கார்கள் ஜப்பான்லயே கிடந்திருந்தா நமக்கென்ன வந்தது? ஜப்பான்ல ‘ஷாக்கென்’னு ஒரு வாகனப் பரிசோதனை. புதுக் காருக்கு மூணு வருஷத்துல, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து செலவு அதிகம். அதுக்குப் பயந்து நல்லா இருக்கற காரையே வித்துடுவாங்க. அவங்களும் ஸ்டியரிங் வலது பக்கம், நியூஸிலாந்தும் வலது பக்கம். பொருத்தம் பத்தும் சரி :-)

நியூஸிலாந்து 1938லேயே இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம்னு வச்ச நாடு. கார்கள் பாகம் பாகமா பெட்டியில வரும், இங்க பூட்டுவாங்க. 1980களின் பொருளாதாரத் திருப்பத்துல கதவைத் திறந்தாங்க. அந்தப் பத்தாண்டின் கடைசியில ஜப்பான் பழைய கார்கள் கப்பல் கப்பலா வந்து இறங்க ஆரம்பிச்சது. 1998ல் கார் மேல இருந்த இறக்குமதி வரியையும் எடுத்துட்டாங்க. அதே வருஷம் டேம்ஸ்ல டொயோட்டா, நெல்சன்ல ஹோண்டா, போரிருவாவில் மிட்சுபிஷி, நமக்குப் பக்கத்துல விரியில நிஸான், நாலு தொழிற்சாலையும் மூடியாச்சு. இதில் டேம்ஸ் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. புதுக் கார் பூட்டிட்டு இருந்த அந்த இடத்தையே ஜப்பானிலிருந்து வர்ற பழைய கார்களைப் பழுதுபார்த்துப் பளபளப்பாக்கற இடமா மாத்தினாங்க. ஒரு நாட்டோட கார் வரலாறு மொத்தமும் அந்த ஒரு ஷெட்டுக்குள்ள இருக்கு.

இங்க இன்னொண்ணையும் கவனிக்கணும். உள்ளே வர்ற காருக்குப் புகை விதியே நியூஸிலாந்து 2003லதான் போட்டது. அதுவும் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பான் தரம் எதுவா இருந்தாலும் சரின்னு. வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் சோதனையில் கண்ணால புகையைப் பார்க்கறதோட சரி. காரைக் கோள் சொல்ல வைக்கணும்னு இங்க யாருக்கும் அவசியம் வரலை. அதனால வர்ற கார் எந்த பாஷை பேசுதுன்னு துறைமுகத்துல யாரும் கேட்கலை. (தமிழ்நாட்டுல இருந்து வர்றவங்களுக்கு இது புதுசு. இலங்கை நண்பர்களுக்கு ‘ரீகண்டிஷன்’ கார்னு சொன்னாலே போதும், அவங்க இதையெல்லாம் நம்மளை விட முன்னாடி பார்த்தவங்க.)

இதனால காசு எப்படிப் போகும்னு ஒரு உதாரணம். எங்களோட தங்கியிருந்த ஒரு தம்பி, 2000களின் தொடக்கத்து ஜப்பான் கார் ஒண்ணை வாங்கினான். மஞ்சள் விளக்கு. ஒரு இடத்துல கொண்டு போய்க் காட்டினான். அவங்க ஸ்கேனர் சேரலை. “கம்ப்யூட்டர் போயிடுச்சு, மாத்தணும்”னு சொல்லி ஒரு தொகை சொன்னாங்க. கார் வாங்கின விலையில பாதிக்கு மேல. பையன் ரெண்டு நாள் சாப்பிடலை. அப்புறம் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருத்தர், இங்க ரொம்ப வருஷமா கார் வேலை பார்க்கறவர், வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “கம்ப்யூட்டர் செத்திருந்தா எஞ்சின் எப்பிடியடா தம்பி ஓடுது?”

எங்க யாருக்கும் அது தோணலை பாருங்க! பெட்ரோல் எவ்வளவு, பொறி எப்போன்னு முடிவு பண்றதே அந்தக் கம்ப்யூட்டர்தானே. அது போயிருந்தா கார் நகர்ந்திருக்காது. “அவங்கட மிஷினுக்கு உன்ர காரின்ர பாஷை தெரியேல்லை, அவ்வளவுதான்”னார். ஜப்பான் உள்ளூர் மாடல்களுக்கான மென்பொருள் இருக்கற ஒரு கருவியைச் சொருகினார். ரெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு, ஆக்சிஜன் சென்சாரோட ஹீட்டர். காசு வாங்க மாட்டேன்னுட்டார், சோறு மட்டும் சாப்பிட்டுப் போனார்.

அடாப்டர் டூப்ளிகேட்டா இருக்கலாம்ங்கற இன்னொரு சந்தேகம் இருக்கே, அதுக்கும் ஒரு வரலாறு உண்டு. கனடாவில் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ்னு ஒரு சின்னக் கம்பெனி. பொழுதுபோக்கா எலெக்ட்ரானிக்ஸ் செய்யறவங்களுக்குச் சிப் வித்தாங்க. முதல்ல ஒரு நெறிமுறைக்கு ஒரு சிப்னு செய்தாங்க: எல்ம் 320, 322, 323. அப்புறம் எல்லா நெறிமுறையும் ஒரே சிப்ல பேசற எல்ம் 327. சாதாரண எழுத்துக் கட்டளை அனுப்பினா போதும், காரோட சண்டை போடறதை அது பார்த்துக்கும். மென்பொருள் எழுதறவங்களுக்கு வரப்பிரசாதம். ஆனா முதல் பதிப்புக்கு நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போடலை. அதை அப்படியே உறிஞ்சி எடுத்து, உலகம் பூரா மலிவு நகல்கள் வந்தாச்சு.

இதுல ஒரு வேடிக்கை. சந்தையில் எக்கச்சக்கமா கிடைக்கற நகல்களில் ‘பதிப்பு 1.5’னு போட்டிருக்கும். எல்ம் கம்பெனி 327க்கு 1.5னு ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை! ‘2.1’னு போட்டு வர்ற பல நகல்கள் இன்னும் மோசம், சில கட்டளைகளும் சில நெறிமுறைகளும் அதுல வேலையே செய்யாது. பூட்டில்லாத அந்த முதல் பதிப்பால இத்தனை லட்சம் பேர் தன் காரைத் தானே படிச்சாங்க, அதைச் செய்த கம்பெனி 2022ல் கடையைக் கட்டிடுச்சு. இதுல யார் பக்கம் நிற்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை. என் பையில இருக்கறதும் நகல்தான்.

வயர் போட்ட கேபிள்காரங்க கதை இன்னும் சோகம். கார் கேபிள்களுக்குள்ள யூ.எஸ்.பி.யா மாத்தற ஒரு சிப் இருக்கும். ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. கம்பெனிச் சிப் பிரபலம், அதனால அதுக்கும் போலிகள். 2014 அக்டோபர்ல விண்டோஸ் அப்டேட் வழியா வந்த அவங்க டிரைவர், போலிச் சிப்பைக் கண்டுபிடிச்சு அதோட அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிடுச்சு. காலைல கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா கேபிள் பிணம். கேபிளை வாங்கினவனுக்கு உள்ள இருக்கறது போலின்னு தெரியுமா என்ன? சத்தம் எழுந்ததும் டிரைவரைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் கார் மென்பொருளுக்குன்னு ஒரு பழைய மடிக்கணினியை நெட் பக்கமே காட்டாம வச்சிருக்கற வழக்கம் பரவலாச்சுன்னு நினைக்கிறேன். அண்ணர்கிட்ட இருக்கறதும் அப்படி ஒண்ணுதான். டொயோட்டாவுக்குன்னு வர்ற மலிவுக் கேபிள்களோட டிரைவர் 32 பிட் விண்டோஸை மனசுல வச்சு எழுதினது, 64 பிட்ல நேரா ஏறாம முரண்டு பிடிக்கும்ங்கறது இன்னொரு காரணம்.

இத்தனையும் தெரிஞ்சா, ‘அன்ஏபிள் டு கனெக்ட்’ வந்தா எந்த வரிசையில் பார்க்கணும்னு தானா புரியும். சாவி ‘ஆன்’ல இருக்கா? பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழ இறங்கியிருக்கா? ஐஃபோன்காரங்க வாங்கினது சாதாரண ப்ளூடூத் அடாப்டரா? அது ஐஃபோனோட சேராது, வைஃபை அல்லது ப்ளூடூத்தின் குறைமின் வகை வேணும். அப்புறம் அதே அடாப்டரை வேற ஒரு கார்ல, 2008க்கு அப்புறம் வந்த ஐரோப்பியக் கார் கிடைச்சா ரொம்ப நல்லது, சொருகிப் பாருங்க. அங்க பேசினா அடாப்டர் தப்பிச்சது. பிறகு உங்க கார் இங்க புதுசா வித்ததா, ஜப்பான்ல ஓடிட்டு வந்ததான்னு பாருங்க. ஜப்பான்ல இருந்து வந்த பழைய கார்னா, அந்தக் கம்பெனியோட பாஷை தெரிஞ்ச மென்பொருள் வச்சிருக்கறவங்களைத் தேடறது தவிர வேற வழியில்லை. கம்ப்யூட்டரை மாத்தற பேச்சு இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான்.

சேர்ந்துட்டாலும் ஒரு எச்சரிக்கை. பொது ஓ.பி.டி. பிறந்தது காத்துக்காக, காருக்காக இல்லைன்னு பார்த்தோம் இல்லையா? அதனால அது புகை சம்பந்தப்பட்டதை மட்டும்தான் சொல்லும். வாரண்ட் சோதனையில் நம்மளைத் தோற்கடிக்கறது ஏர்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும். அது ரெண்டையும் இந்த மலிவு அடாப்டரும் பொது ஆப்பும் பெரும்பாலும் தொடவே தொடாது. இன்னொண்ணு, பி0171னு வந்தா கலவையில் பெட்ரோல் குறைவுன்னு அர்த்தமே தவிர ஆக்சிஜன் சென்சாரை மாத்துன்னு அர்த்தம் இல்லை. எங்கயோ ஒரு ரப்பர் குழாய் விரிஞ்சு காத்து உறிஞ்சிக்கிட்டு இருக்கலாம். புதுப்பேட்டை மேஸ்திரி காது அங்க இன்னும் வேணும்.

காரே பொய் சொன்னா? 2015 செப்டம்பர்ல ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கிட்டது அதுக்குத்தான். சோதனை நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்ப மட்டும் புகையை அடக்கற மென்பொருள், உலகம் பூரா ஒரு கோடியே பத்து லட்சம் கார்களில். கோள் சொல்ல வச்ச சட்டத்துக்கு அவங்க சொன்ன பதில் அது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.

பாஷைச் சண்டை ஓயலை, ஆளுங்கதான் மாறியிருக்காங்க. 2018 வாக்கில் ஃபியட் கிரைஸ்லர் கார்களில் சாக்கெட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு பூட்டு வந்தது. குறியீட்டைப் படிக்கலாம், பதிவு பண்ணின கருவி இல்லாம அழிக்க முடியாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மக்கள் 2012லயும் 2020லயும் ஓட்டுப் போட்டு, பழுதுபார்க்கற தகவல் கார்க்காரனுக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்கணும்னாங்க. பக்கத்து ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையில் இருந்து அதுக்குச் சட்டம் இருக்கு. ஜப்பானோ 2024 அக்டோபர்ல ஷாக்கென் பரிசோதனையிலேயே ஓ.பி.டி.யைச் சேர்த்துட்டாங்க. 2021 அக்டோபருக்கு அப்புறம் அறிமுகமான உள்ளூர் மாடல்களுக்கு அது பொருந்தும். அந்தக் கார்கள் எல்லாம் பழசாகி, ஏலத்துக்கு வந்து, கப்பல் ஏறி, புக்கெகோஹியில் ஒரு மாணவன் கையில கிடைக்க இன்னும் எட்டுப் பத்து வருஷம் ஆகும்.

பி.கு: இந்தக் கார்களில் எஃப்.எம். ரேடியோவில் ஏன் ரெண்டு மூணு ஸ்டேஷன்தான் வருதுன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதுவும் இதே கதைதான். ஜப்பானில் எஃப்.எம். 76ல் தொடங்கி 90ல் முடிஞ்சது, இங்க 88ல் தொடங்கி 108 வரை. பொது இடம் 88ல் இருந்து 90 மட்டும். ‘பேண்ட் எக்ஸ்பாண்டர்’னு தீப்பெட்டி அளவுல ஒண்ணு கிடைக்கும், ஏரியல் வயர்ல மாட்டினா சரியாயிடும். காலைல சாவியைத் திருப்பினதும் ஜப்பானிய மொழியில ஒரு அம்மா ஏதோ சொல்றாங்களே, அவங்க கேட்கறது சுங்கச்சாவடி கார்டு. பயப்படாதீங்க, உட்கார்ந்தபடியே ஒரு ‘ஹாய்’ போட்டுட்டுக் கிளம்புங்க.